அத்திமரத்தடி மௌன விரதம்

வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் துணி மூட்டை குமாஸ்தாவின் தலையில்தான் விடிந்துகொண்டிருந்தது. இந்த ஞாயிறு செத்தாலும் துவைப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்தார். மனத்துக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்க அவருக்கென்ன பைத்தியமா? மனைவி நர்சரிப் பள்ளி டீச்சர். ஒரு வகுப்பு வாண்டுகளை ஒற்றைப் புருவத்தால் உட்கார வைக்கிறவள்.

வழி காட்டியது கொல்லைப்புறத்து அத்திமரம். அது பழுத்துக் கொட்டியதில் ஊரில் இறக்கை முளைத்ததெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. பச்சைக்கிளி, மஞ்சள் மாங்குயில், செம்மார்புக் குக்குறுவான், உடம்பைவிட மூக்கு பெருத்த ஏதோ ஒன்று. துவைக்கிற கல்லும் அதே மரத்தடியில்தான் கிடந்தது.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னைக்கு நான் பறவை பாக்கப் போறேன்."

"பாருங்களேன். அப்படியே துணியையும்..."

"ஐயையோ! சின்னச் சத்தம் கேட்டாலும் பறந்துடும். ஆள் நடமாட்டம் கூடாது. சமையல் வாசனை ஆகவே ஆகாது. எல்லாம் பறவை சாஸ்திரம்."

சண்டை வந்தால் சொல்ல இன்னும் நாலு சாஸ்திரம் கைவசம் இருந்தது. தேவைப்படவில்லை.

"அப்படியா! எனக்குத் தெரியாமப் போச்சே," என்று டீச்சர் கண்ணை அகல விரித்தாள். "நீங்க நிம்மதியா உக்காருங்க. எந்தத் தொந்தரவும் வராம நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமே இல்லை. சற்றுப் பயமாகக்கூட இருந்தது.

நாற்காலியில் சாய்ந்தார். கிளி ஒன்று பழத்தைக் கடித்து மிச்சத்தை அவர் வழுக்கையில் போட்டது. துவைப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று துடைத்துக்கொண்டார். வெகுநேரமாகியும் காபி வரவில்லை.

"காபி?" என்றார்.

சமையலறை ஜன்னலில் டீச்சர் உதட்டில் விரல் வைத்தாள். "ஷ்ஷ்! வாசனை வந்துடும்."

"சரி, டிபன்?"

"மிக்ஸி ஓட்டணுமே."

"மேட்ச் ஸ்கோராவது..."

"டிவியா? பாவம்ங்க, மாங்குயில் நடுங்கிப் போயிடும்."

மத்தியானம் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கியது. குமாஸ்தாவின் வயிற்றில் குக்குறுவான் கத்தியது. மேலே சந்தைக்கடை இரைச்சலோடு விருந்து நடக்க, கீழே ஒரே ஒரு ஜீவன் பட்டினி கிடந்தது.

"நீ சாப்பிடலையா?" என்று கிசுகிசுத்தார்.

"அடுத்த வீட்டுல சாப்பிட்டாச்சு. உங்களையும் கூப்பிட்டாங்க. ஆனா எழுந்து நடந்தா நடமாட்டமாயிடுமே!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "போதும்மா! பறவைங்களுக்கு நான் பழகிட்டேன். இனிமே இடியே விழுந்தாலும் போகாது. நீ மிக்ஸியைப் போடு!"

"நிஜமாவா? பறந்துடுச்சுன்னா என்னைத்தானே திட்டுவீங்க. எதுக்கும் முதல்ல சோதிச்சுப் பாத்துடலாம். ஏதாவது தட்டிப் பாருங்க."

"எதைத் தட்டறது?"

"எதையாவது. அதோ, நான் ஊறவெச்ச வாளியில அந்தப் போர்வை ஊறிக்கிட்டுத்தானே இருக்கு. கல்லுல நாலு தட்டு தட்டுங்களேன்."

பசிவெறியில் ஓங்கி அறைந்தார். ஒரு பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியா!"

"மிக்ஸி இதைவிடச் சத்தம் போடுமேங்க."

ஜமுக்காளத்தை அறைந்தார். பேண்ட்டுகளை அறைந்தார். சட்டை, துண்டு, தலையணை உறை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வாளி காலியானதும் வெற்றிவீரராக நிமிர்ந்தார். "சொன்னேன்ல? ஒண்ணு அசையலை!"

"ஆமாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று டீச்சர் மிக்ஸியைப் போட்டாள்.

அப்போதுதான் மதில்மேல் பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்தது. பைனாகுலரைத் திருப்பிக் கேட்க வந்திருந்தாள்.

"டீச்சர், அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்காரரும் பறவை பாக்கணுமாம். மூட்டையைக் கட்டி அனுப்பவா, இல்ல ஊறவெச்சே அனுப்பவா?"