நாலு டயரும் ஒரு நிபுணரும்

"டயர் வாங்கறது பொம்பளைங்க வேலை இல்லை" என்று அவர் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே. ஆகவே பிரகடனத்தில் பாதி நுரையாகத்தான் வந்தது.

அவர் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார்ப் பிரிவு அதிகாரி. இருபது வருஷமாக, குமுறுகிற ஜனங்களிடம் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர். வாடிக்கையாளர் சேவை தனக்கு அத்துப்படி என்று நம்பினார். மனைவி நர்ஸ். மறுநாள் காலை மலைப்பாதை தாண்டியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகச் சேர வேண்டும். காரின் நாலு டயரும் அவர் தலையோடு போட்டி போட்டு வழுக்கையாகியிருந்தன. மழை வேறு.

"நானே போன் பண்ணி..."

"வேண்டாம். உன்னை ஏமாத்திடுவான். என்னை ஒருத்தன் ஏமாத்தட்டும் பார்க்கலாம்!"

"சரிங்க. ஸ்கூட்டர்லயே போங்க. ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி நிதானமா விசாரிங்க. அவசரமே இல்லை."

கல்யாணம் ஆன நாளாக அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை. அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

முதல் கடையில் ஏ.சி., சோபா, காபி, டோக்கன் எல்லாம் இருந்தன. டயரைத்தான் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"எங்க சேவை எப்படி இருந்தது சார்? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"சேவை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!"

"அப்ப ஒன்பது போட்டுக்கறேன் சார். கொஞ்சம் உட்காருங்க."

தன் தொழிலைத் தன் மேலேயே ஒருத்தி காட்டுகிறாள் என்று புரிந்ததும் எழுந்துவிட்டார்.

இரண்டாவது கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வேனில் டயர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சைஸ்?"

"கார் சைஸ்."

"டயர்லயே எழுதியிருக்கும். படிக்கத் தெரியும்ல?"

"ஒரு கஸ்டமர்கிட்ட பேசற பேச்சா இது?"

"பேச எனக்கு நேரமில்லை சார். ஒரு வீட்டுல போய் நாலு டயர் மாட்டணும்" என்று ஷட்டரை இழுத்தார்.

"உன்னையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடறான் பாரு, எந்த மடையனோ!" என்று அவர் வேனைப் பார்த்துக் கத்தினார்.

மூன்றாவது கடைக்காரர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். "சாரைப் பார்த்தாலே தெரியுது, விஷயம் தெரிஞ்சவர்!" அதற்குப் பிறகு இவர் தரையில் நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு ஸ்டீயரிங் உறை, இரண்டு வாசனைப் புட்டி, தலையாட்டும் பொம்மை நாய் ஒன்று ஆகியவற்றோடு வெளியே வந்தார். டயர் வியாழக்கிழமை வருமாம்.

டயர் வாங்கப் போனவர் டயர்டாகத்தான் வீடு திரும்பினார். ஆனாலும் விடுவாரா? மனைவியைக் காரருகே இழுத்துப் போனார்.

"மூணு கடைக்காரனையும் திணற அடிச்சுட்டேன். முதல் தர டயர், வியாழக்கிழமை கைக்கு வந்துடும். நாளைக்கு நீ பஸ்ல போயிடு. இதுல ஏறாதே. பாரு, எப்படித் தேஞ்சு போயிருக்கு!" என்று முன் டயரை ஓங்கி ஒரு உதை விட்டார். கால் விண்ணென்று வலித்தது.

"நல்லாப் பாருங்க" என்றாள் அவள். "அது ஒரு மணி நேரம் முன்னாடி மாட்டினது."

குனிந்து பார்த்தார். நாலும் புத்தம் புதுசு. ரப்பர் வாசனைகூடப் போகவில்லை.

"யாரு மாட்டினது?"

"போன் பண்ணினேன், வேன்லயே வந்து மாட்டிட்டுப் போயிட்டார். அதிகம் பேச மாட்டார், வேலை சுத்தம். கிளம்பற நேரத்துல கடை வாசல்ல ஒரு ஆள் கத்தினதா மட்டும் சொன்னார்."

அந்த மடையன் யார் என்று அவருக்கு மெல்ல விளங்கியது.

"நீயே ஏற்பாடு பண்ணிட்டியா? அப்புறம் எதுக்கு என்னை ஊர் சுத்த விட்டே?"

"போன மாசம் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் பக்கத்துல நின்னு நீங்க யோசனை சொன்னீங்களே" என்றாள் அவள், பொம்மை நாயை வாங்கிக்கொண்டே. "அவர் இன்னும் என் போனை எடுக்கறதில்லைங்க."