குடுவைச் செடிகள் நல்வாழ்வுக் குழு

மனிதகுலத்துக்கு நெருப்பைக் கண்டுபிடித்துத் தந்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தைத் தந்தவரும் பேர் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதை ஒரு விஞ்ஞானமாக வளர்த்தவர், தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடிலில் வேலை பார்த்த மெதுவார்தான் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

மெதுவார் என்பது சக ஊழியர்கள் பாசத்தோடு வைத்த பெயர். ரோஜாப் பகுதியில் அவர் தண்ணீர் ஊற்றப் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே வந்துவிடுகிறது என்று புகார் கிளம்பியது. தண்டனையாக அவரைக் குடுவைச் செடிகளிடம் அனுப்பினார்கள். இலை நுனியில் குடுவையைத் தொங்கவிட்டு, அதில் வழுக்கி விழும் பூச்சிகளைத் தின்று வாழும் செடிகள் அவை. அந்தக் குடிலில் யாரும் அதிக நாள் தாக்குப்பிடித்ததில்லை, செடிகளும் அப்படித்தான்.

மெதுவாருக்குக் குழாய் வரை நடக்க மனம் வரவில்லை. கூரையிலிருந்து வழிந்த மழைநீரையே தொட்டியில் பிடித்து ஊற்றினார். உரம் கிடங்கில் இருந்தது. கிடங்கு தூரத்தில் இருந்தது. ஆகவே உரம் போடவில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றச் சோம்பல்பட்டதால் ஈக்கள் தாராளமாக வந்தன. மழைநீர், சத்தில்லாத மண், நாலு ஈ. குடுவைச் செடி கேட்பது அவ்வளவுதான். செடிகள் தளதளவென்று வளர்ந்தன. மூலையிலிருந்த ஒன்று முழங்கை நீளத்துக்குக் குடுவை விட்டது. அதற்கு மகராசி என்று பேர் வைத்தார். வேலைக்கு அவர் நேரத்தோடு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் இயக்குநர் வந்து பார்த்தார். பார்த்ததோடு போயிருக்கலாம்.

"கவனிக்காமலே இப்படி இருக்குன்னா, நாம கவனிச்சா எப்படி இருக்கும்!" என்றார்.

உடனே 'குடுவைச் செடிகள் நல்வாழ்வுக் குழு' உதயமாயிற்று. கணக்காளர், பொறியாளர், சட்ட ஆலோசகர் ஆகியோர் உறுப்பினர்கள். செடியைப் பற்றித் தெரிந்தவர் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அப்படி யாரையும் சேர்க்கவில்லை.

குழு அன்பைப் பொழிந்தது. பொறியாளர் கண்ணாடியை மாற்றி, குழாய்த் தண்ணீரைக் குடிலுக்குள்ளேயே கொண்டுவந்தார். கணக்காளர் உரத்தை அள்ளிப் போடச் சொன்னார். ஈக்கள் 'உரிய அனுமதியின்றி' நுழைவதைக் கண்டு கொதித்த சட்ட ஆலோசகர் பூச்சிமருந்து அடிக்க உத்தரவிட்டார். பிறகு செடிகள் பட்டினி கிடப்பதைப் பார்த்து மூவரும் மனமிளகி, குடுவைக்கு ஒரு பிஸ்கட் வீதம் போட்டார்கள்.

குடுவைகள் அழுகி நாறின. மகராசியின் இலைகள் ஓரம் கருகின. புதுக் குடுவை மொட்டிலேயே வாடிவிட்டது.

"ஐயா, இதுங்களை அப்படியே விட்டுட்டா பிழைச்சுக்கும்," என்றார் மெதுவார்.

"அப்படியே விட்டுட்டோம்னு அறிக்கையில எழுத முடியுமாய்யா?" என்றார் இயக்குநர்.

மகராசி செத்துப்போய்விடுவாள் என்று மெதுவாருக்குப் பயமாக இருந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் தங்கை, ஒரு செடிக்காகத் தலையில் கைவைத்து உட்கார்ந்த முதல் ஆள் தன் அண்ணன்தான் என்று கேலி செய்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் மகராசியின் முன்னால் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே நல்ல குடுவையின் விளிம்பில் தேன் கசிந்தது. மருந்துக்குத் தப்பிய ஈ ஒன்று வந்து நக்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் நக்கியது. பிறகு காணவில்லை. மகராசி அதைத் துரத்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை. மெதுவார் எழுந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார்.

இவ்வளவு பெரிய குழு புழுக்கத்தில் நின்றுகொண்டு ஆலோசிப்பது நிறுவனத்துக்கே தலைகுனிவு என்று அவர் சொன்னதும் இயக்குநர் கண்கலங்கிவிட்டார். பூங்காவின் மறுகோடியில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. குளிரூட்டி, மெத்தை வைத்த நாற்காலிகள், தீரத் தீர வரும் டீ, முந்திரி பிஸ்கட். குழு முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது. முதல் கூட்டத்தில் குழுவின் சின்னத்தில் குடுவை இடப்பக்கம் சாய்வதா, வலப்பக்கம் சாய்வதா என்று விவாதித்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதற்கொரு துணைக்குழு பிறந்தது. அதன் பிறகு அவர்கள் யாரும் குடில் பக்கம் வரவில்லை.

மெதுவார் குழாயை மூடினார். மண்ணை மாற்றினார். புதுக் கண்ணாடியைச் சிறு கல்லொன்றால் சரிசெய்தார். ஈக்கள் திரும்பின, மகராசி புதுக் குடுவை விட்டாள்.

மேலிடம் வந்து பார்த்து மெய்சிலிர்த்தது. சாகக் கிடந்த செடிகளைப் பிழைக்கவைத்த 'கருணைக் கரங்கள்' ஒரு கண்ணாடிக் குடிலுக்குள் முடங்கலாமா? குழு உடனடியாகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது.

மத்தியானமே தங்கையிடமிருந்து போன் வந்தது. குரலில் கேலி இல்லை.

"அண்ணா, உங்க குழு இங்க வந்து நிக்குது. நல்லாயிருக்கற பிள்ளைங்களுக்கும் மருந்து குடுக்கணுமாம். வார்டு எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"முதல்ல டீ சொல்லு," என்றார் மெதுவார். "நல்ல மெத்தை நாற்காலியா பார்த்துப் போடு. பிள்ளைங்க இருக்கற பக்கத்தை மட்டும் காட்டிடாதே."