சுண்ணாம்புக்கால் கார்டும் மெம்பரின் தரிசும்

தன் வீட்டு ஆட்டையே கைது செய்த காட்டிலாகா கார்டு உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சின்னமனூர் மலையில் இருந்தார். காட்டுக்குள் மேய்ந்த குற்றத்துக்கு ஆட்டைச் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிட்டு, வேளாவேளைக்கு அவரே தழை கொண்டுபோய் ஊட்டினார். முழங்கால் வரை சுண்ணாம்பு பூசிக்கொண்டு திரிவார். அதனால் சுண்ணாம்புக்கால் கார்டு.

அது யுத்த காலம். அரிசித் தட்டுப்பாடு. பயிர் வைக்கிறோம் என்றால் சர்க்கார் தரிசைப் பிரித்துக் கொடுக்கும் என்று பேச்சு. எங்கள் ஜில்லா போர்டு மெம்பர், ‘மலையில் இருப்பது காடே அல்ல, காய்ந்த தரிசு’ என்று மனு எழுதினார். முதல் கைநாட்டு என்னுடையது. எனக்குப் பத்து ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பார்வையிட அதிகாரி வந்தார். வழிகாட்ட கார்டு, மெம்பருக்குக் குடை பிடிக்க நான்.

“ஏலே, மலையில வாயத் தெறந்த, வேற ஜில்லாவுக்குத் தூக்கிப் போட்ருவேன்” என்றார் மெம்பர், கார்டின் காதோரம்.

“தெறக்கலைங்க” என்றார் கார்டு. சொன்ன சொல் தவறாமல், பேசாமலே எங்களை ஓடையோரச் சோலைக்குள் கூட்டிப்போனார்.

அட்டை ஏறியது. அதிகாரிக்குப் பூட்ஸ், கார்டுக்குச் சுண்ணாம்பு; மெம்பருக்கும் எனக்கும் வெறுங்கால். ஈரக்காட்டில்தான் அட்டை இருக்கும். அட்டை என்று சொன்னால் மனு பொய்யாகிவிடும். மெம்பர் சிரித்துக்கொண்டே நடந்தார். அவருடைய வெள்ளை வேட்டி பூப்போட்ட சேலையாகிக்கொண்டிருந்தது.

“என்னய்யா, வேட்டியில ரத்தம்?” என்றார் அதிகாரி.

“வெத்தல எச்சிங்கய்யா.”

“பின்பக்கமாவா துப்புவீங்க?”

என்னைப்போல் நெஞ்சழுத்தக்காரன் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஏழு அட்டை வரை தாங்கினேன். எட்டாவது, வேட்டிக்குள் போகக்கூடாத உயரத்துக்குப் போனதும் குடையை வீசிவிட்டு, “ஆத்தா, அட்டை” என்று அலறினேன். அதிகாரி மனுவை மடித்து, வந்த வழியே திரும்பினார். பத்து ஏக்கர் போயிற்று. மெம்பர் என்னைப் பார்த்த பார்வைக்கு அட்டையே தேவலை.

கார்டு டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு வைத்தார்.

“பிச்சு எறியாத மாப்ள, புண்ணாப் போகும்.”

“ஒங்கள இங்கன இருக்க விடமாட்டாகளே மாமா.”

“விடாட்டிப் போறாக. இந்த ஓடை நின்னுச்சுன்னா, பத்து ஏக்கர்ல உக்காந்து என்னத்தக் குடிப்ப?”

மெம்பர் சொன்னபடியே பத்தாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது.

இன்று அந்த ஓடைத் தண்ணீர் பாயும் வாழைத்தோப்பு எனக்கு இருக்கிறது. எல்லாம் என் கையால் சம்பாதித்தது. அந்த வயதில் கூலி பேசாமல் ஒரு துரும்பைத் தூக்க மாட்டேன். ஆனால் கார்டு ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவருடைய தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துபோய் நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். கூலி கொடுக்க அவர் மடியை அவிழ்த்தார். அவர் கையைப் பிடித்து, காசை மடியிலேயே திரும்பச் செருகினேன்.