இருந்தபடியே

ஊரார் எழுத்தையெல்லாம் படித்துப் பிழை திருத்தும் அச்சகக்காரர், தன் வாடகை ஒப்பந்தத்தை வீடு காலி செய்யும் நாளில்தான் படித்தார்.

'குடிவந்தபோது இருந்தபடியே வீட்டை ஒப்படைக்க வேண்டும்.'

கூடவே வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள். 'ஹால் சுவரில் கறை. சமையலறைக் குழாயில் சொட்டு. ஜன்னல் மூடாது.'

மூன்றையும் இந்த நாலு வருஷத்தில் அவரே சரிசெய்துவிட்டிருந்தார்.

"இப்ப கறைக்கு எங்கே போறது?"

"நல்லா வெச்சிருந்தா யாராவது திட்டுவாங்களா?" என்றாள் மனைவி.

"இருந்தபடியேன்னா இருந்தபடியேதான். புது வீட்டுக்காரர் சாயங்காலம் இந்த வீட்டுக்காரருக்கு போன் பண்ணி நம்மளைப் பத்தி விசாரிப்பார். இவர் நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லலேன்னா சாவி கிடையாது. சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு."

மிச்சமிருந்த தேநீரைத் தொட்டுச் சுவரில் ஒற்றினார். காலி ஹாலில் வெயில் தூங்கிக்கொண்டிருந்தது. கறை மேகம் போல மெல்ல விரிந்தது.

தரையில் மல்லாந்து படுத்திருந்த மகள், "பழைய கறை ஆமைப்பா. இது ஒட்டகம்," என்றாள்.

ஒட்டகத்தின் திமிலைத் தட்டையாக்கப் பார்த்தார். ஒட்டகம் இரண்டானது. இன்னும் கொஞ்சம் தேநீர். சுவர் முழுக்க ஒரு கூட்டமே எங்கோ தொலைதூரத்துக்குப் புறப்பட்டது. திட்ட வந்த மனைவியும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போய்க் குழாயைத் தளர்த்தினார். சொட்டு வரவில்லை, வெள்ளமே வந்தது. வால்வைத் தேடி மூடுவதற்குள் தண்ணீர் ஹாலுக்கு வந்து, ஒட்டகங்களின் காலடியில் ஏரியாக மினுங்கியது.

"விடுங்க," என்றாள் மனைவி கனவில் பேசுவது போல. "தாகமா இருக்கும், குடிக்கட்டும்."

ஜன்னல் மட்டும் பாக்கி. கொக்கியை லேசாக நெம்பினார். ஜன்னல் கதவே கையோடு வந்துவிட்டது. அதைக் குழந்தை போல மார்போடு அணைத்து நிற்கையில், வீட்டுக்காரரும் அவர் மனைவியும் உள்ளே நுழைந்தார்கள்.

"என்ன சார் இது?"

"நீங்க எழுதின மாதிரிதான் சார். கொஞ்சம் கூடிப்போச்சு," என்று தாளை நீட்டினார்.

வீட்டுக்காரர் படித்தார். பிறகு ஏனோ வெகுநேரம் ஒட்டகங்களையே பார்த்தார். அவர் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இவங்க குடிவர்றதுக்குள்ள இதையெல்லாம் சரிபண்ணித் தர்றேன்னு சொல்லி நீங்க எழுதிக்கொடுத்த சீட்டாச்சே இது."