இன்னும் கொஞ்சம் ஏத்துங்க

"மூவாயிரத்து ஐநூறு ஆகும் சார்" என்று சொல்லிக்கொண்டே எலக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

பேரம் சாரின் முகம் தொங்கிப்போயிற்று. "இவ்வளவுதானா?"

"சரி சார், மூவாயிரமா போட்டுக்கறேன்."

"குறைக்கவா சொன்னேன்? இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

எலக்ட்ரீஷியன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பேரம் சார் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஒரு பொட்டலம் ஆணி வாங்கினாலும் அடித்துப் பேசி விலையைக் குறைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அந்த வாயால் விலையை ஏற்றச் சொல்வது அவருக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை.

அவர் மனைவி இறந்தபோது வந்த மகள், விமானம் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "வீட்டுச் செலவெல்லாம் என்னோடதுப்பா. சின்னச் செலவுன்னா போன்ல சொல்லுங்க, அனுப்பிடறேன். பெரிய செலவுன்னா நானே நேர்ல வந்து பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே சின்னச் செலவாகவே வந்து தொலைத்தது. குழாய்க்கு வாஷர், கதவுக்குத் தாழ்ப்பாள். ஃபியூஸ் பெட்டி கருகிய அன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வந்தது.

"வயரெல்லாம் பழசுதானே?" என்று தூண்டில் போட்டார்.

"பழசுதான். ஆனா நீங்க ஒரே ஒரு லைட்டும் ஃபேனும்தானே போடறீங்க. பெட்டிய மாத்தினா போதும், தாங்கும்."

"ஏசி போட்டா?"

"போடப் போறீங்களா?"

"இல்ல. போட்டான்னு கேக்கறேன்."

"போட்டா மெயின் போர்டையே மாத்தணும். எர்த் புதுசா போடணும். தனியா லைன் இழுக்கணும்."

"அப்படி வாங்க வழிக்கு. எல்லாத்தையும் சேருங்க."

தொகை இருபதாயிரத்தைத் தொட்டதும் அவர் மகளுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட மகள் தொகையை மட்டும் ஒரு முறை திருப்பிக் கேட்டாள்.

"சரிப்பா. அனுப்பிடறேன்."

"இது பெரிய செலவும்மா. நேர்ல வந்து பாக்க வேண்டாமா?"

"போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. போதும்."

போட்டோ போதுமாம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருகிய பெட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார். படத்தில் அது பரம சாதுவாக இருந்தது. மெயினை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஹாலில் இருந்த ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுவரில் கொஞ்சம் புகை பிடிக்க வைத்தார். சுடர் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டது. ஸ்விட்ச் உருகி வழிந்தது. படம் பிரமாதமாக வந்தது.

மகள் உடனே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "அந்த வீட்டுலயாப்பா தூங்கறீங்க? மொத்த வயரையும் மாத்திடுங்க. எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

"அப்ப நீ வந்து ஒரு பார்வை பாத்துட்டேன்னா..."

"அதெல்லாம் அப்புறம்ப்பா. முதல்ல வேலைய முடிங்க."

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் உருகிய ஸ்விட்சை முகர்ந்து பார்த்தார். "நேத்து இது நல்லா இருந்துச்சே சார்."

"பழைய வீடு. ஒரே மாதிரி இருக்குமா?" என்றார் பேரம் சார்.

மறுபடி போட்ட கணக்கு லட்சத்தைத் தாண்டியது. மகள் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. எனக்குப் பிறந்ததா இது என்று அவர் நொந்துகொண்டார்.

வேலை தொடங்கியது. சுவரெல்லாம் பிளந்தார்கள். எதிர் வீட்டுத் தையல்காரி, மகளின் பள்ளித் தோழி, அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"அவ ரூமையும் உடைச்சாச்சாப்பா?"

"அதுலதான் நாலு பாயிண்ட் கூட்டியிருக்கேன்."

"ஐயோ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். ஊர் வம்பு இவளுக்கு எதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் அவருக்குப் பிடித்திருந்தன. வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. மதியம் எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு கூடுதல் என்று குறை சொல்ல ஒரு ஆள் இருந்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்தது. பூச்சும் காய்ந்தாயிற்று. எலக்ட்ரீஷியன் பையை மாட்டிக்கொண்டார்.

"எல்லா லைட்டையும் ஒண்ணாப் போடுங்க சார். பயமே வேண்டாம்."

அவர் போன பிறகு பேரம் சார் ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சைத் தட்டினார். சமையலறை, ஹால், மாடிப்படி, கடைசியாக மகளின் அறை. வீடு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அத்தனை வெளிச்சத்திலும் அவர் ஒருவர்தான் நின்றிருந்தார். இருட்டில் இருந்தபோது வீடு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது.

வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தையல்காரிதான். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவர் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாளாப்பா?"

"யாரு?"

அவள் சிரிப்பு மறைந்தது. "ஒண்ணுமில்லப்பா. அவ ரூம்ல லைட்டு எரியவும், மனசு மாறி வந்துட்டாளோன்னு..."

"என்னம்மா சொல்ற?"

"இந்த வாரம் வர்றதா இருந்தாப்பா. திடீர்னு வந்து நிக்கணும், உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தா."

"அப்புறம் ஏன் வரல?"

தையல்காரி அண்ணாந்து புது விளக்கைப் பார்த்தாள்.

"டிக்கெட்ட ரத்து பண்ணின காசத்தானேப்பா வயரிங்குக்கு அனுப்பினா."