சான்றொப்பமிட்ட பாதம்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். வெளியே மேகமூட்டம், மழை இல்லை. நிலவறையில் இருந்த ஆவணக் காப்பறையில், அதன் எழுத்தர் வலது பாதத்தில் ஊதா மையைப் பூசிக்கொண்டு இடது காலில் நின்றிருந்தார்.

"நல்லா அழுத்தி வைங்க சார்," என்றார் அட்டெண்டர். ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்த அவரை, கையில் எப்போதும் கோந்துப் புட்டி இருந்ததால், அலுவலகமே 'கோந்து அண்ணன்' என்றழைத்தது.

பத்தொன்பது ஆண்டுகளாக அலுவலக நேரத்தில் சூரியனைக் காணாத எழுத்தருக்கு, கள ஆய்வாளராகும் வாய்ப்பு வந்திருந்தது. தடை ஒன்றே: ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் ஓட வேண்டும். காலைப் பயிற்சியில் எட்டு நிமிடம் நாற்பது நொடியில் ஓடிக்கொண்டிருந்தார், முந்தைய நாள் அவருடைய பழைய ஷூ வாயைப் பிளக்கும்வரை.

"காலை நனைச்சு ஒரு தாள்ல மிதிச்சுக் கொண்டாங்க. தடத்தைப் பார்த்துதான் எந்த ஷூன்னு சொல்ல முடியும்," என்றிருந்தார் கடைக்காரர்.

தண்ணீர் உலர்ந்தால் ஆதாரம் அழியும், ஆகவே மை. மையே ஆனாலும், சான்றொப்பம் இல்லாத தாளை எழுத்தர் தாளாகவே மதிப்பதில்லை.

"நான் காலைக் கழுவிட்டு வரேன், அண்ணே. இது காஞ்சதும் சூப்பிரண்டு சார்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. குறை சொல்லித் திருப்பிடாம பார்த்துக்குங்க."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

மை போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பியபோது, 'உண்மை நகல்' என்ற முத்திரையுடன் ஊதாப் பாதம் மேசைமேல் இருந்தது. எதன் நகல் என்று கண்காணிப்பாளர் கேட்கவில்லை. தாள் முழுமையாக இருக்கிறதா என்பதை மட்டுமே அவர் பார்ப்பார்.

மாலையில் கடைக்காரர் தாளை விளக்கொளியில் பிடித்தார். "அடேயப்பா! வளைவே இல்ல. பாதம் முழுசா தரையில படுத்திருக்கு. ஓடும்போது கணுக்கால் உள்பக்கமா சாயும். உள்ஓரம் கெட்டியா, தாங்கல் வச்ச ஷூதான் உங்களுக்கு. இந்தாங்க, முறுக்கிப் பாருங்க, அசையாது. எதுக்கும் சாக்ஸைக் கழட்டுங்க, ஒரு தடவை காலைப் பார்த்துடுறேன்."

"எதுக்கு? அதான் கையெழுத்து போட்டிருக்கே," என்றார் எழுத்தர்.

வீட்டில் மனைவி பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, கால் உள்பக்கம் சாஞ்சா உள்ஓரம்தானே தேயணும்? இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கே."

"ஷூவுக்கு என்ன தெரியும்? அதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?"

"நம்ம கல்யாணப் பதிவுல நான் போட்டிருக்கேன். அந்த உரிமையில சொல்றேன், நல்லா இருக்கற காலைக் கெடுத்துக்காதீங்க."

முதல் நாள், ஒன்பது நிமிடம் இருபது நொடி. புது ஷூ பழக வேண்டும் என்று எழுத்தர் தமக்குத் தாமே விளக்கமளித்தார். மூன்றாம் நாள் கடைக்காரர், பாதத்தின் உள்பக்கத்தைத் தூக்கும் ஓர் அட்டையை ஷூவுக்குள் வைத்தார். ஒன்பது ஐம்பத்தைந்து.

"கணுக்கால் வெளிப்பக்கமா வலிக்குதுங்க."

"கால் திருந்துது சார். திருந்துறப்போ வலிக்கத்தானே செய்யும்?"

ஏழாம் நாள், கடையில் இருந்ததிலேயே மிகக் கெட்டியான ஷூவுக்குள் இரண்டு அட்டைகள். எழுத்தர் இப்போது கப்பல்போல் வெளிப்புறம் சாய்ந்து ஓடினார். நடந்தே உடன்வந்த மனைவி, "வண்டி வருது, ஓரமா போங்க," என்றாள்.

"ஓரமாத்தான் போறேன். நடுவுல போகணும்னாலும் கால் வரல."

"பழைய ஷூவைத் தச்சு வச்சிருக்கேன். தேர்வுக்கு அதைப் போட்டுட்டுப் போங்களேன்."

எழுத்தர் சட்டைப் பையிலிருந்த நகலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

26ஆம் தேதி தேர்வு நடந்தது. அவர் எல்லைக் கோட்டை அடைந்தபோது நேரம் பார்ப்பவர் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். பதினொரு நிமிடம் பன்னிரண்டு நொடி.

29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. கோந்து அண்ணன் படியிறங்கி வந்து, கையெழுத்திட்ட ஆணையை எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் அதை இருமுறை படித்தார்: 'மேற்படியார் தகுதி பெறவில்லை. தற்போதுள்ள இடத்திலேயே தொடர்வார். அடுத்த தேர்வு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்.'

"விடுங்க சார். மேல ஒரே வெயில்," என்றார் கோந்து அண்ணன்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, அண்ணே. என் கால் அமைப்பு அப்படி." எழுத்தர் தம் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில், முத்திரையுடன், ஊதாப் பாதம். அதன் பின்னே ஆணையை முறைப்படி வைத்து, ஒட்டுவதற்காகக் கோந்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.

கோந்து அண்ணன் பாதத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதை இன்னும் பத்திரமா வச்சிருக்கீங்களா! அன்னிக்கு நீங்க மிதிச்சதுல நடுவுல பாதி பதியவே இல்ல சார்; குறையா இருக்குன்னு சூப்பிரண்டு திருப்பிடுவாரேன்னுதான், நானே என் காலை வச்சு முழுசா குடுத்தேன்."