கஞ்சி போட்ட பிஸ்கட்

"என்னடா இது, சேரவே மாட்டேங்குதே!" என்று மாவைப் பார்த்துக் கத்தினார் தையல்காரர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் தெருவில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர்.

சமையல் மேடையில் அரிசி மாவு மணலாக உதிர்ந்து கிடந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிசைந்தால் வேறு எப்படி இருக்கும்? மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் பத்து நாளில் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறான். அவனுக்குக் கோதுமை ஆகாதாம். அதிலிருக்கும் குளூட்டன் வயிற்றைப் பாடாய்ப் படுத்துமாம்.

"குளூட்டன் இல்லாத கிராக்கர் பிஸ்கட் கடையிலயே பாக்கெட்டா கிடைக்குதுப்பா," என்றாள் மகள்.

"வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு ரெடிமேடா? முப்பது வருஷமா அளவெடுத்துத் தைக்கிறவன்டி நான்!"

"உங்களால முடியாதுங்க," என்றாள் மனைவி.

அது போதும். டேப்பிடம் யாரும் முடியாது, கூடாது என்று சொல்லக்கூடாது. போன மாதம் டாக்டர், "இனிமே நீங்க சாப்பிடக் கூடாதது..." என்று ஆரம்பித்ததுமே, "என் வயித்துக்கு நீ யாருய்யா?" என்று எழுந்து வந்தவர் அவர். மனைவிதான் உட்கார்ந்து மீதியைக் கேட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் டேப்பு ஒரு காலர் வரைந்து வெட்டிவிட்டார்.

மாவு உதிர்கிறதே என்று முட்டை ஊற்றினார். வெந்து வந்தவை கோட்டு பட்டன் போல் இருந்தன. கடிக்க முடியவில்லை. மிருதுவாக்குகிறேன் பேர்வழி என்று வெண்ணெயைச் சேர்த்தார். இப்போது ஓவனிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டு வந்தன.

"மொறுமொறுப்புதானே வேணும்?" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

"ஐயோ, வேணாங்க!"

வேண்டாம் என்ற பிறகு விடுவாரா? பழந்துணிக்கு நடுவில் பிஸ்கட்டை வைத்துத் தேய்த்தார். புகை வந்தது. மறுநாள் தலைமையாசிரியர், அதே பெட்டியால் தேய்த்துக் கொடுத்திருந்த தன் வெள்ளைப் பேண்ட்டோடு கடைக்கு வந்து நின்றார்.

"ஏன்யா, பேண்ட்டெல்லாம் எறும்பு! வகுப்புல நின்னு ஆடிட்டு வந்தேன்!"

இதற்கிடையில் மனைவி வீட்டிலிருந்த ரொட்டி, நூடுல்ஸ் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "கோதுமைத் தூசி பட்டாலே அந்தப் பிள்ளைக்கு ஆபத்தாம்."

"அனுப்பு! சரியா வராத பிஸ்கட்டை எல்லாம் நானே தின்னு தீர்ப்பேன். பாக்கெட் வாங்கக் கடைக்கு மட்டும் போக மாட்டேன்!" மூன்று வேளையும் தோல்வியையே தின்றார். ருசிதான் இல்லை. வீம்பு இருந்தது.

தலைமையாசிரியரின் பேண்ட்டைத் துவைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்தபோதுதான் கவனித்தார். பேண்ட் ஆளில்லாமலே விறைப்பாக நின்றது. டேப்பு சமையலறைக்கு ஓடினார். கொஞ்சம் அரிசி மாவை வெந்நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, மீதி மாவில் ஊற்றி இரண்டு கையாலும் பிசைந்தார். சேர்ந்தது! பூரிக்கட்டையால் தேய்த்து, அளவு நாடா வைத்து, சுருக்கத்துக்குக் கால் இஞ்ச் கூடுதலாக விட்டு, நெளிவிளிம்புக் கத்தரியால் வெட்டினார். ஓவனிலிருந்து எடுத்து ஒன்றை ஒடித்தார். 'மொறுக்!' அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தாம் நாள் பையன் வந்தான். ஒன்றைக் கடித்தான். "பிரமாதம் மாமா!"

"பாத்தியா?" என்று டேப்பு மனைவியிடம் மார்தட்டினார். "முடியாதுன்னியே! எந்த டாக்டர் சொல்லியும் இது வராது. வீம்பு வேணும்!"

மனைவியும் மகளும் குனிந்துகொண்டார்கள். பையன் தான் வாங்கி வந்திருந்த டப்பாவைத் திறந்து, பேச்சு சுவாரசியத்தில் ஒரு பன்னை எடுத்து வாயில் வைத்தான்.

டேப்பு பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "தம்பி, துப்பு! கோதுமை! உன் வயிறு என்னாவது?"

பையன் திருதிருவென்று மாமியாரைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும் மாமா, டாக்டர் கோதுமையை நிறுத்தச் சொன்னது உங்களைத்தானே, பத்து நாளா வயித்து வலி எப்படி இருக்கு?"